என் மாமியாரைப் பற்றி வந்த செய்தி

தலை வார உட்கார்ந்தேன். சீப்பு மடியில் இருந்தது. கையைத் தூக்கவில்லை. கையில் வலியோ மரப்போ எதுவும் கிடையாது. தூக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வர வேண்டுமோ, அங்கிருந்து வரவில்லை. கூடத்தில் விழுந்த வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகும்வரை அப்படியே இருந்தேன்.

அதுதான் முதல் அறிகுறி என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு முதல் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பெண் குழந்தை. சுகப்பிரசவம். பால் இருந்தது. வீட்டில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதியவர் ஒரு குறையைத் தேடி எடுத்து, அதையே காரணம் ஆக்கினார்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. நெல்லும் கரும்பும். பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். என் வீட்டுக்காரர் கரும்பு வெட்டு முடிந்து வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலேயே கிடந்தார். வீட்டில் நானும் குழந்தையும் மாமியாரும். மாமியார் பெயர் பச்சையம்மாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

அத்தைக்கு மெல்லப் பேசத் தெரியாது. மாட்டிடம் பேசுகிற குரலில்தான் எங்களிடமும் பேசுவார். எதிர் வீட்டில் நெல் உலர்த்துபவர்களுக்கும் அது கேட்கும்.

சீப்புக்குப் பிறகு தூக்கம் போயிற்று. குழந்தை தூங்கும், நான் விழித்திருப்பேன். பசி போயிற்று. குழந்தை அழுதால் வேறு யார் வீட்டிலோ ஒரு குழந்தை அழுவது போல இருக்கும். பாவம், யாராவது எடுக்கக் கூடாதா என்று நினைத்தபடி படுத்திருப்பேன். மடியில் கொண்டுவந்து போட்டால் பால் கொடுப்பேன். போடாவிட்டால் இல்லை.

அழுகை வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். துக்கம் என்றால் அழுகை இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வந்தது துக்கம் அல்ல, அசதி. எவ்வளவு படுத்தாலும் தீராத அசதி.

அத்தை முதலில் திருஷ்டி கழித்தார். பிறகு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் வேப்பிலை அடித்தார். எதுவும் நடக்கவில்லை என்று கண்டதும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினார். அது திட்டுவது. திட்டிக்கொண்டே எழுப்பி உட்கார வைப்பார். திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டுவார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்.

ஒரு நாள் நான் வாயைத் திறக்கவே இல்லை. ஊட்டிய சோறு கடைவாயில் அப்படியே நின்றது. அத்தை தெருவுக்குக் கேட்கக் கத்தினார்.

"எழுந்திருடி. செத்தவ கணக்கா படுத்துக்கினு கெடக்கறியே, இந்தக் கொழந்தைக்கு இன்னாடி பதில் சொல்லுவ?"

தெருவில் அதைக் கேட்டவர்கள் அதன் பிறகு நடந்ததைப் பார்க்கவில்லை. அத்தை கன்னத்தைத் தடவித் தடவி அந்தக் கவளத்தை விழுங்க வைத்தார். விழுங்கியதும் முந்தானையால் என் வாயைத் துடைத்தார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் என் உயிரை விட்டுவிட முயன்றேன். எங்கே, எப்படி என்பதை எழுதப் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் பயன் இல்லை. சிலருக்குக் கெடுதலும் உண்டு. சாக வேண்டும் என்று ஆசைப்பட்டதாகக்கூட நினைவில்லை. அந்த அசதி நின்றால் போதும் என்றிருந்தது. அது தானாக ஒரு நாள் விலகக் கூடியது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் யாரும் எங்கள் ஊரில் இல்லை.

அத்தை என்னைக் கண்டார், காப்பாற்றினார். அவ்வளவுதான்.

மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கே கிடந்தது. இரண்டு இடத்தில் சுங்கச் சாவடி. காவலாள் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தான். அத்தை அவன் கையிலிருந்து போர்வையை வாங்கி மறுபடியும் என்னைப் போர்த்தியது மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நீளமானது. வெள்ளை அங்கி போட்ட கன்னியாஸ்திரீகள் சத்தமில்லாமல் நடந்தார்கள். உடம்புக்கு ஏற்பட்ட கெடுதல் சீக்கிரமே தேறிவிட்டது. பிறகு வேறொரு டாக்டர் வந்தார். புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சில் படித்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். என்னிடம் பேசிப் பார்த்துவிட்டு, பதில் வராததால் தரையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அத்தையிடம் திரும்பினார்.

"எப்போலேருந்து இப்படி இருக்காங்க?"

"கரும்பு வெட்டறதுக்கு முன்னாலேருந்துங்க. தூங்காது. துன்னாது."

"வீட்டுல சண்டை ஏதாவது உண்டா?"

"நான்தாங்க தெனம் திட்டுவேன். திட்டுனா ரெண்டு வாய் துன்னும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "திட்டினதால இது வரலைம்மா. திட்டினா போகவும் போகாது. இது நோய். காய்ச்சல் எப்படி நோயோ அப்படி. பிள்ளை பெத்தவங்க சிலருக்கு வரும்."

அதற்கு மெலாங்கொலி (மனம் சோர்ந்து, உணர்ச்சி அடங்கி, வாழ்வில் பிடிப்பு விட்டுப் போகும் நோய்) என்று பிரெஞ்சில் பெயர் சொன்னார். அத்தை அதைச் சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. என்னை மறுபடியும் பார்த்து டாக்டர் சொன்னார்: "இது போயிடும். சீக்கிரம் போகாது. ஆனா போயிடும்."

எனக்கு அப்போது நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் காதில் விழுந்தது. பல வாரங்களாக எதுவும் அப்படித் தெளிவாக விழுந்ததில்லை.

புரோமைடு (நரம்பை அமைதிப்படுத்தித் தூங்க வைக்கும் மருந்து) கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அத்தையிடம், மருந்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். என்னைத் தனியே விடக் கூடாது, பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

"யாராவது பக்கத்துல இருக்கறதுதான் முதல் மருந்து."

"நான் இருக்கறங்க," என்றார் அத்தை.

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் பத்திரிகை வந்துவிட்டது.

புதுச்சேரியிலிருந்து வரும் தமிழ் வாரப் பத்திரிகை. ஊரில் தையல் கடையில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். "மாமியார் கொடுமை" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. என் பெயர், என் தகப்பனார் பெயர், ஊர், தெரு எல்லாம் இருந்தன. நான் செய்தது முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக இருந்தது. அத்தை தெருவுக்குக் கேட்கக் கத்திய வாக்கியம் அப்படியே அச்சில் இருந்தது. அந்தச் சொல் பொறுக்க மாட்டாமல் இளம் மங்கை இம்முடிவுக்கு வந்தாள், இதனால் தன் துன்பம் தீருமென்று எண்ணினாள் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் என்னைப் பார்த்ததில்லை. அத்தையிடமும் பேசியதில்லை. நோய் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

அத்தை அதை நடவு வயலில் கேள்விப்பட்டார். பக்கத்தில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண் நகர்ந்து போய் வேறு வரிசையில் நின்றாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "பேப்பர்லயே போட்டுட்டாங்களே" என்றாளாம்.

அன்று முதல் அத்தை என் அறைக்குள் வரவில்லை. சோற்றை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவார். கதவோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தபடி இருப்பார். தனியே விடவில்லை, ஆனால் பேசவில்லை. டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் செய்தார். வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. எனக்கு அது நல்லதாக இல்லை. அந்தக் குரல்தான் என்னைக் காலையில் எழுப்பிக்கொண்டிருந்தது என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. சோறு ஆறிப் போகும். நானும் எடுத்துச் சாப்பிட மாட்டேன்.

அந்த வாரம் திருக்கனூரிலிருந்து என் அண்ணன் வந்தார். அங்கே சந்தையில் மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரம். அவரும் படித்துவிட்டுத்தான் வந்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார்.

"கெளம்பு," என்றார் அண்ணன் என்னிடம். "கொழந்தையத் தூக்கிக்கோ. இனிமே இந்த வூட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாது."

அத்தை குழந்தையின் துணிகளை எடுத்து மடித்து மூட்டை கட்டத் தொடங்கினார். அதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. கோபம் என்று சொல்லலாம். கோபப்படக்கூட எனக்குப் பல வாரங்களாகத் தெம்பு இருக்கவில்லை.

"அண்ணா, என்னத் தூக்கியாந்தது அத்தைதான்," என்றேன்.

"அது தெரியும். அதுக்கு முன்னால இன்னா பண்ணாங்க?"

"சோறு ஊட்டுனாங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் முழு வாக்கியமாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னதில் எனக்கு மூச்சு வாங்கியது. படுத்துக்கொண்டேன். அண்ணன் சாயங்காலம்வரை இருந்துவிட்டு, அத்தை போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் போன பிறகும் அத்தை நிலைப்படியைத் தாண்டவில்லை. மறுநாள் பகலில் அங்கிருந்தே கேட்டார்.

"அமிர்தம், பேப்பர்ல போடறதுன்னா விசாரிச்சுத்தானே போடுவாங்க? பொய்யாவா போடுவாங்க?"

"பொய்தான் அத்த."

"நான் சொன்னதுதானே போட்டுருக்கான். நான் சொல்லலன்னு சொல்ல முடியுமா?" நிலைப்படியில் உட்கார்ந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி. நான் கேக்கறேன்."

என் வீட்டுக்காரர் அந்தத் தாளை மறைத்து வைத்திருந்தார். கேட்டு வாங்கிப் படித்தேன். என்னைப் பற்றி அச்சில் வந்ததை நானே வாய்விட்டுப் படித்தேன். பெயர், ஊர், தெரு. பிறகு அந்தக் காலையைப் பற்றிய இடம் வந்தது. அங்கே என் குரல் நின்றுவிட்டது. எழுத்துகளைப் பார்க்கப் பார்க்க அந்தக் காலை மறுபடியும் அறைக்குள் வந்து நிற்பது போலிருந்தது.

அத்தை நிலைப்படியைத் தாண்டி வந்து தாளை என் கையிலிருந்து எடுத்தார்.

"போதும். அதுக்கு மேல எனக்குத் தெரியும். நான்தானே பாத்தவ."

என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைச் சின்னதாக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அந்தக் காலையை அவரும் சுமந்துகொண்டிருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. நோயாளிக்கு அடுத்தவரின் சுமை தெரியாது. அது நோயின் ஒரு பகுதி. இப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதற்காக மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

"நான் எதனா சொல்லி, மறுபடியும் நீ எதனா பண்ணிட்டா?"

"நீங்க பேசாம இருக்கறதுதான் அத்த எனக்குப் பயமா இருக்குது."

அன்று இரவுச் சாப்பாட்டை ஊட்டினார். திட்டவில்லை. திட்டுவதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின.

மருந்து வாங்கப் புதுச்சேரி போனபோது பத்திரிகை ஆபீசைத் தேடிப் போனோம். போக வேண்டும் என்றது நான். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் வயதானவர், களைத்த முகம். நாங்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார்.

"பிழைச்சு வந்தது சந்தோஷம்மா," என்றார். உண்மையாகவே சொன்னார்.

அத்தையின் பெயர் ஊரில் கெட்டுவிட்டதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "வந்ததை நம்பிப் போட்டுட்டோம். மறுப்பு போடறேன். மாமியார் நல்லவர்னு மருமகளே வந்து சொன்னாங்கன்னு போடறேன். ஜனங்க விரும்பிப் படிப்பாங்க."

"என்ன நல்லவன்னு போடாதீங்க," என்றார் அத்தை. "எனக்கு வாய் ஜாஸ்தி. அது ஊருக்கே தெரியும்."

"அப்போ என்ன போடணும்?"

நின்று பேச எனக்குத் தெம்பு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து நான் பதில் சொன்னேன். "என்னப் பத்தி ஒண்ணும் போட வேணாம். இது ஒரு நோய்னு போடுங்க. தூக்கம் போகும், பசி போகும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தா சரியாவும்னு போடுங்க. இனிமே யாருக்கு நடந்தாலும் எங்க, எப்படின்னு எழுதாதீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜனங்க பயந்து ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான் அதை எழுதறது. மூடி மூடி எழுதினா யாரும்மா படிப்பாங்க?"

"படிக்கறவங்கள்ல என்ன மாதிரி ஒருத்தி இருந்தா? அவளுக்குப் பயம் வராதுங்க. அன்னிக்கி இருந்த நெலமையில அதப் படிச்சிருந்தா எனக்குப் பயம் வந்திருக்காது. வழி தெரிஞ்சாப்புல இருந்திருக்கும்."

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எங்களுக்குச் சோடா வாங்கி வரச் சொன்னார். "இடம் இருந்தா போடறேன்," என்றார். நாங்கள் குடித்துவிட்டு வந்துவிட்டோம். வண்டியில் வரும்போது இரண்டு பேருக்கும் அலுப்பாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து வந்தது. கடைசிப் பக்கத்தில், நெல் விலைக்குக் கீழே, தலைப்பில்லாமல் சில வரிகள். பிரசவித்த பெண்கள் சிலருக்கு உறக்கமும் பசியும் கெட்டு மனம் சோர்வதுண்டு, அது நோய், குணமாகக் கூடியது, அவர்களைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. அவ்வளவுதான். முதலில் வந்தது தவறு என்று எங்கும் இல்லை. தையல் கடையில் அதை யாரும் உரக்கப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அறுவடைக்கு முன் பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அத்தை வயது இருக்கும். வாசலில் நின்றபடியே, "பேப்பர்ல வந்த மாமியா வூடு இதானா?" என்று கேட்டார்.

அத்தையின் முகம் இறுகியது. "இதான். இன்னா வேணும்?"

வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து அழுதார். அவருடைய மருமகளுக்குப் பிரசவமாகி இரண்டாம் மாதம். தூங்குவதில்லை. சாப்பிடுவதில்லை. முதலில் வந்த செய்தியை யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அது முதல், செய்தியில் வந்த பெண் என்ன ஆனாள், எப்படிச் செய்தாள் என்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"எம் மேல பழி வந்துடும்னு அவகிட்டப் போவவே பயமா இருக்குது. எம் மவன் வெளிய சொல்லக் கூடாதுங்கறான். எங்க ஊரு வாத்தியாருதான் அந்தச் சின்னச் சேதிய படிச்சுக் காட்டி, இது நோவுன்னாரு. நெசமா?"

"நெசம்தான்," என்றார் அத்தை. "பேரு கூட ஒண்ணு சொன்னாங்க. எனக்கு வாயில வரல. அவளத் தனியா விட்டுட்டா வந்திருக்கறீங்க?"

"எம் மவ பக்கத்துல இருக்கறா."

"அப்ப சரி. இப்பவே வண்டி கட்டச் சொல்றேன்."

நானும் போனேன். பூரணாங்குப்பத்தில் அந்த மருமகளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினோம். வண்டியில் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சிறியவள். கண் எங்கேயோ இருந்தது. நான் யார் என்று சொன்னதும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சாவலையா?" என்றாள்.

"இல்ல. இதோ இருக்கறேன்."

"அப்பறம் இன்னா ஆச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் அந்தச் செய்தியில் இல்லை. நான் சொன்னேன். ஆஸ்பத்திரி, மருந்து, தூக்கம் முதலில் வந்தது, பிறகு பசி, கடைசியாகத்தான் குழந்தையின் அழுகை என் குழந்தையின் அழுகையாகக் கேட்டது. சுங்கச் சாவடியில் வண்டி நின்றபோது அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் தேறினாள். என்னைவிட அதிக காலம் பிடித்தது, ஆனால் தேறினாள்.

பத்திரிகை மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. அடுத்த ஆண்டும் பெரிய எழுத்தில் ஒரு செய்தி வந்தது, வேறு ஊர், வேறு பெண். இடையில் ஓரிரு செய்திகளில் எப்படி என்பதை விட்டிருந்தார்கள். அது அந்த ஆசிரியர் செய்ததா, இடமில்லாமல் போனதா, தெரியாது. எங்கள் தெருவில் சிலர் இன்றைக்கும் அத்தையைப் பற்றி அந்தச் செய்தியின் வார்த்தைகளில்தான் பேசுகிறார்கள். அச்சில் ஏறிய சொல்லை இறக்குவது கடினம். அத்தையும் அதை விட்டுவிட்டார். வயல் வேலைக்கு வர இருந்தவர்கள் வந்தார்கள், வராதவர்கள் வரவில்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அந்த நோய் மறுபடியும் எட்டிப் பார்த்தது. இந்த முறை அதன் நடை எங்களுக்குத் தெரிந்திருந்தது. தூக்கம் போன முதல் வாரத்திலேயே டாக்டரிடம் போனோம். அது வந்தது, சில காலம் இருந்தது, போயிற்று.

இதை எழுதுவது குணமாகிவிட்டேன் என்று சொல்வதற்காக அல்ல. என் உடம்பை நான் முன்பு போல நம்புவதில்லை. காலையில் எழுந்ததும் ஒரு கணம் அசையாமல் படுத்து, இன்றைக்கு என்ன அசதி என்று பார்ப்பேன். பெரும்பாலும் அது வேலை செய்த அசதியாகத்தான் இருக்கும். தோளில் வலி இருக்கும், குதிகால் கடுக்கும், வயிறு பசிக்கும். வலிக்கிற இடம் தெரிகிற அசதி நல்ல அசதி.

அந்த மாதங்களில் பொழுது என்பதே இல்லை. ஒரே ஒரு மத்தியானம் நீண்டு கிடந்தது, அது முடியும் என்று தெரியாது. இப்போது பொழுது சாய்கிறது. கொல்லையில் நிழல் நீளுகிறது, மாடு கத்துகிறது, பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பசிக்கிறது என்கிறாள். எழுந்து போகிறேன்.